வான் பாயும் மாதத்தில் உப்புப் போத்தலைத் திறக்காதீர்கள்

புரட்டாதி பிறந்ததும் இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் மேசையடிக்கு வரத் தொடங்குவார்கள். "அக்கா, பி.இ.ஓ. படலம் செய்யவேணும். எங்கயிருந்து தொடங்கிறது?" ஆடி மாதத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்வேன். பகிடி இல்லை. லிதியம் உப்பையும் பி.இ.ஓ. என்ற பல்பகுதியத்தையும் (பொலிமரையும்) சேர்த்துத் திண்ம மின்பகுபொருள், அதாவது பற்றரிக்குள் திரவத்துக்குப் பதிலாக அயன்களைக் கடத்துகிற படலம், செய்ய வன்னியில் நல்ல காலம், கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான். ஐப்பசி மழை தொடங்கி இரணைமடுக் குளம் வான் பாயும் நாட்களில் ஆய்வுகூடத்து ஈரப்பதமானி எண்பதுக்கு மேலே ஏறி அங்கேயே குந்திவிடும். அந்த நேரம் ஆகன் வாயு நிரப்பிய கிளவ் பொக்ஸ் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) இல்லாதவர்கள் உப்புப் போத்தலின் மூடியைத் தொடவே வேண்டாம்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர்; வீடு விசுவமடு. கருவிகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றாலும், பிள்ளைகள் செய்கிற படலம் நல்லதோ கெட்டதோ முதலில் என் கண்ணில்தான் படும். அதனால் சொல்கிறேன்: படலம் வார்ப்பது அரை நாள் வேலை. அதைக் காய வைப்பதற்கும், காய்ந்துவிட்டது என்று காட்டுவதற்கும்தான் மிச்ச நாள் எல்லாம் போகும். கீழே நான் எழுதப்போவதிலும் பாதிக்கு மேல் காய வைக்கிற கதைதான்.

வீட்டுச் சோலாருக்கு இதை வைத்துப் பற்றரி செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஓர் ஐயா நேரிலேயே வந்து கேட்டார். முடியாது ஐயா. இது ஆய்வுகூட வேலை. வீட்டுக்கு வேண்டுமானால் லிதியம் இரும்புப் பொஸ்பேற்று பற்றரியை அதன் கட்டுப்பாட்டுச் சுற்றோடு சேர்த்து வாங்குங்கள். பழைய போன் பற்றரியை வெட்டிப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 'லிதியம் பொலிமர்' என்று அதன் மேல் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவமோ களியோதான். அதில் வழக்கமாகப் போடுகிற லிதியம் எக்சாபுளோரோபொஸ்பேற்று ஈரம் பட்டால் ஐதரசன் புளோரைட்டைத் தரும். அது தோலோடு நிற்காது, எலும்பு வரைக்கும் போகும்.

சரி, விசயத்துக்கு வருவோம். பி.இ.ஓ. என்பது பொலி எதிலீன் ஒட்சைட்டு. அதன் சங்கிலியில் இரண்டு காபனுக்கு ஓர் ஒட்சிசன் வரும். லிதியம் அயனை ஐந்தாறு ஒட்சிசன்கள் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி நெளியும்போது பழைய ஒட்சிசன் விட, புதியது பிடிக்க, கிணற்றடியில் வாளி கைமாறுவதுபோல அயன் நகரும். சங்கிலி நெளியாவிட்டால் அயன் நகராது. பி.இ.ஓ.வோ அறை வெப்பநிலையில் பெருமளவு பளிங்காகிக் கிடக்கிற சாமான். 65 பாகை செல்சியஸ் அளவில்தான் அந்தப் பளிங்கு உருகும். கிளிநொச்சிச் சித்திரை வெயிலுக்கும் அது மசியாது. பி.இ.ஓ.வும் கார உலோக உப்பும் சேர்ந்த இந்தச் சேர்மங்களை 1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீற்றர் ரைற்றும் கூட்டாளிகளும் அறிவித்தார்கள். பற்றரிக்குள் இதை வைக்கலாம் என்று 1970களின் கடைசியில் சொன்னவர் பிரெஞ்சுக்காரரான மிஷெல் ஆர்மன். 2011இல் பாரிசில் தொடங்கிய ஓட்டோலிப் வாடகைக் கார்களில் ஓடியது இந்த வகைப் பற்றரிதான். வேலை செய்ய அதற்கு 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அதனால் நிறுத்தி வைத்த காரையும் மின்னில் மாட்டியே வைத்திருந்தார்கள்.

இனிச் சாமான்கள். பி.இ.ஓ. வாங்கும்போது மூலக்கூற்று நிறை ஆறு லட்சம் அளவில் உள்ளதை எடுங்கள். அதைவிட மிகக் குறைந்தால் படலத்துக்கு உரம் இருக்காது. நாற்பது லட்சம் என்றால் கரைசல் பசைபோல் இறுகி, குமிழி வெளியே வராது. உப்பாக லிதியம் ரி.எஃப்.எஸ்.ஐ. (LiTFSI) எடுங்கள். விலை கூடியதுதான். மலிவு என்று லிதியம் பேர்குளோரேற்றைக் கேட்டு வருகிறார்கள். அது பலமான ஒட்சியேற்றி. சேதனப் பொருளோடு சேர்த்து உலர்த்திச் சூடாக்கினால் வெடிக்கக்கூடியது. புத்தகத்தில் அந்த உப்போடு எத்தனை ஆய்வு இருந்தாலும் முதன்முதலாகப் படலம் செய்கிற பிள்ளையின் கையில் நான் அதைக் கொடுக்க மாட்டேன்.

கரைப்பானுக்கு நீரற்ற அசற்றோநைத்திரைல். 82 பாகையில் கொதிக்கும், 2 பாகையிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். உடம்புக்குள் போனால் சயனைட்டாக மாறும். புகைப்போக்கிக்கு (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வுகூட அடைப்பு, fume hood) வெளியே அந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் போடுகிற நீல நைத்திரைல் கையுறை இந்தக் கரைப்பானைச் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. பியூட்டைல் றப்பர் கையுறை இருந்தால் அது. இல்லையென்றால் ஒரு துளி பட்டவுடனேயே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கரைப்பான் போத்தலுக்குள் 3ஏ மூலக்கூற்றுச் சல்லடை மணிகளைப் போட்டு வைப்பது நல்லது. ஆனால் மணிகளை முதலில் 250 பாகைக்கு மேல் சுட்டு உலர்த்தியிருக்க வேண்டும். கடையிலிருந்து வந்தபடியே போட்டால் அது தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதல் உலர்த்தல் இங்கேதான் தொடங்குகிறது. பி.இ.ஓ. தூளை வெற்றிட அவனில் (காற்றை இழுத்துவிட்டுச் சூடாக்கும் அடுப்பு, vacuum oven) 50 பாகையில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். 50ஐத் தாண்ட வேண்டாம், தூள் மெழுகாகி ஒட்டிக்கொள்ளும். ரி.எஃப்.எஸ்.ஐ. உப்பை 110 பாகை அளவில் வெற்றிடத்தில் ஒரு நாள். உப்பை வெளியே எடுக்கும்போது கவனியுங்கள். அவனுக்குள் காற்றை விடும் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிய ஒரு குழாயைப் பொருத்தி, அதனூடாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அது பிரயோசனமில்லை. 120 பாகையில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும்.

இந்த உப்பு எவ்வளவு பேராசைக்காரன் என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்யலாம். நாலு தசமத் தராசில் ஒரு சிட்டிகை உப்பைத் திறந்த தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இலக்கங்களைப் பாருங்கள். கடைசி இலக்கம் நிற்காது. பிறகு அதற்கு முந்திய இலக்கமும் நகரத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் தூளின் ஓரம் மினுங்கும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும், மழை நாளென்றால் கடைசியில் தட்டில் ஒரு துளித் திரவம்தான் மிஞ்சும். அந்த எடைக்கூட்டல் முழுக்க வன்னிக் காற்றிலிருந்த தண்ணீர். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். அதன் பிறகு மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பார்க்கிற வேலை நின்றுவிடும்.

ஆகவே எடுத்து வைத்து நிறுக்காதீர்கள், கழித்து நிறுங்கள். மூடிய போத்தலோடு உப்பை நிறுத்து, தேவையானதைக் கரைப்பானுக்குள் கொட்டி, உடனே மூடி, திரும்ப நிறுத்து, வித்தியாசத்தை எழுதுங்கள். கொட்டியது கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை, அதற்கேற்ற பி.இ.ஓ.வைப் பிறகு கணக்குப் பண்ணிச் சேர்க்கலாம். அதனால் எப்போதும் உப்பு முதல், பல்பகுதியம் பிறகு.

கணக்கு இப்படி. பி.இ.ஓ.வின் ஓர் அலகின் நிறை 44.05. ரி.எஃப்.எஸ்.ஐ. உப்பின் மூலர் நிறை 287.09. இருபது ஒட்சிசனுக்கு ஒரு லிதியம் என்ற விகிதம் தொடங்குவதற்கு நல்லது. ஒரு கிராம் பி.இ.ஓ.வில் 22.7 மில்லிமூல் அலகுகள். இருபதால் வகுத்தால் 1.135 மில்லிமூல். உப்பாக அது 0.326 கிராம். பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று உப்பைக் கூட்டிக்கொண்டு போனால் பளிங்கு குறையும், ஆனால் படலம் ஒட்டும் பசையாகிக் கையோடு வரும். அதைத் தனியே உரித்தெடுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

0.326 கிராம் உப்பை 25 மில்லிலீற்றர் அசற்றோநைத்திரைலில் கரையுங்கள், உடனே கரைந்துவிடும். காந்தக் கலக்கியில் சுழல விட்டு, பி.இ.ஓ. தூளைச் சுழியின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி விழும். அந்தக் கட்டி அடுத்த நாளும் அப்படியே கிடக்கும். போத்தலை இறுக மூடி இரவு முழுக்கக் கலங்க விடுங்கள். 40 பாகைச் சூடு கொடுத்தால் விரைவாகும். காலையில் கலக்கலை நிறுத்தி, குமிழி மேலே வந்து உடையும் வரைக்கும் பொறுங்கள்.

வார்க்க ரெப்லோன் கிண்ணம். கண்ணாடியில் வார்த்தால் உரிக்க வராது. கிண்ணம் வைக்கிற இடம் சமமாக இருக்க வேண்டும். மேசன்மார் வைத்திருக்கிற ஸ்பிரிட் லெவலை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். புகைப்போக்கியின் தளம் சமமாக இருக்கும் என்று நம்பவேண்டாம். எவ்வளவு ஊற்றுவது? 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு 63.6 சதுர சென்ரிமீற்றர். படலத்தின் அடர்த்தியை 1.2 என்று எடுத்தால், 100 மைக்றோமீற்றர் தடிப்புக்கு முக்கால் கிராம் அளவு திண்மம் போதும். மேலே சொன்ன கரைசலில் திண்மம் ஏறத்தாழ நூற்றுக்கு 6.3 பங்கு. ஆக 12 கிராம் கரைசல். போத்தலை ஊற்றுமுன்னும் ஊற்றிய பின்னும் நிறுத்து அந்த 12 கிராமைச் சரியாகக் குறித்து வையுங்கள். வெறும் கிண்ணத்தின் எடையும் வேண்டும். இந்த இரண்டு எண்ணும் இல்லாவிட்டால், படலம் காய்ந்ததா இல்லையா என்று பிறகு சொல்ல வழியில்லை.

கிண்ணத்தை அலுமினியத் தாளால் மூடி ஊசியால் சில துளைகள் போடுங்கள். மூடாமல் விட்டால் மேல்தோல் முதலில் இறுகி, கரைப்பான் கீழே மாட்டிக்கொள்ளும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரமும் அதில் படியும். படலத்தில் வெள்ளைத் திட்டுத் திட்டாகக் காண்பது பல நேரம் அதுதான். மெதுவாக, ஒரு நாள் முழுக்கப் போகட்டும். இந்தக் கட்டத்தில் கிண்ணத்தைச் சாதாரண அவனுக்குள் தள்ளிவிடாதீர்கள். சூட்டுக் கம்பியும் அசற்றோநைத்திரைல் ஆவியும் ஒரு பெட்டிக்குள் சேரக்கூடாது.

ஒரு நாளுக்குப் பிறகு படலம் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. உரித்து, வெட்டி, அளந்து, நல்ல எண் வந்துவிட்டது என்று சந்தோசமாக ஓடி வருவார்கள். உள்ளே இன்னும் கரைப்பான் இருக்கிறது. வெற்றிட அவனில் 50 பாகையில் குறைந்தது ஒரு நாள், இரண்டு நாள் என்றால் நல்லது. வெற்றிடத்தை மெல்ல மெல்ல ஏற்றுங்கள், ஒரேயடியாக இழுத்தால் படலம் கொப்பளிக்கும். பம்பின் வெளியேற்றக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். எண்ணெயில் கரைப்பான் சேரும். நிறம் மாறினால் எண்ணெயை மாற்றுங்கள்.

கரண்ட் போவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பம்பு நின்றால் எண்ணெய் குழாய் வழியே அவனுக்குள் ஏறலாம், ஈரக் காற்றும் ஏறலாம். அவனுக்கும் பம்புக்கும் இடையில் உள்ள வால்வு தானாக மூடுகிற வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தானாக மூடாததென்றால், இரவில் ஆளில்லாமல் பம்பை ஓடவிடாதீர்கள். வெற்றிடம் வந்ததும் வால்வை மூடி, பிறகு பம்பை நிறுத்தி, காலையில் திரும்ப இழுக்கலாம். நாள் கூடத்தான் எடுக்கும்.

காய்ந்ததற்குச் சாட்சி தராசு. 12 கிராம் கரைசலில் திண்மம் 0.758 கிராம். கிண்ணத்தின் எடையைக் கழித்தபின் 0.79 நிற்கிறது என்றால் 30 மில்லிகிராமுக்கு மேல் ஏதோ மிச்சம் உள்ளது. திரும்ப அவனுக்குள். அடுத்தடுத்து இரண்டு நாள் நிறுத்து ஒரே எடை வர வேண்டும். அகச்சிவப்பு நிறமாலைக் கருவி கிடைத்தால் இன்னும் தெளிவு: அலையெண் 2250 பக்கத்தில் சின்ன முள் தெரிந்தால் அசற்றோநைத்திரைல், 3400க்கும் 3600க்கும் இடையில் அகன்ற மேடு தெரிந்தால் தண்ணீர்.

வெற்றிட அவன் கிடையாதவர்களுக்கும், மாரியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வேறு வழி உண்டு. கரைப்பானையே விட்டுவிடுங்கள். உலர்ந்த உப்பையும் பி.இ.ஓ.வையும் உலர்ந்த பெட்டிக்குள் உரலில் அரைத்துக் கலந்து, இரண்டு ரெப்லோன் தாள்களுக்கு நடுவே வைத்து 90 பாகையில் சூட்டு அழுத்தியில் அழுத்துங்கள். அழுத்தியதை மடித்துத் திரும்ப அழுத்தினால் கலவை சீராகும். என்னைக் கேட்டால் எங்கள் காலநிலைக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் வார்ப்பு முறை கூட இருப்பதால் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

உரிக்கும்போது பிளாஸ்ரிக் சாமணம். கிண்ணத்தை லேசாக வளைத்து ஓரத்தைக் கிளப்பினால் மிச்சம் தானாக எழும்பும். இருபதுக்கு ஒன்று விகிதப் படலம் பால் வெள்ளையாக, மடித்தாலும் வெடிக்காமல் இருக்கும். அந்த வெள்ளை, பளிங்கின் நிறம். 70 பாகைத் தட்டில் வைத்தால் கண் முன்னே கண்ணாடிபோலத் தெளியும். எடுத்து வெளியே வைத்தால் அங்கங்கே வட்ட வட்டமாக வெள்ளை தோன்றிப் பரவும். இதைப் பார்த்தபின், கடத்துதிறனை வெப்பநிலையோடு வரைகிற வரைபு ஏன் 60 பாகைக்குக் கிட்ட முறிகிறது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இனி அளவீடு. சாதாரண மல்ரிமீற்றரால் அளக்க முடியாது. நேரோட்டம் கொடுத்தால் அயன்கள் மின்வாயோரம் போய்க் குவிந்துவிடும். ஆடலோட்டத் தடங்கலை (AC impedance) ஒரு மெகாஹேட்ஸ் முதல் ஒரு ஹேட்ஸ் வரை அளக்கிற கருவி வேண்டும். படலத்தை வட்டமாக வெட்டி இரண்டு துருவேறா உருக்குத் தட்டுகளுக்கு நடுவில் வையுங்கள். 65 பாகையைத் தாண்டும்போது படலம் இளகி, தட்டுகளை இறுக்கும் வில்லின் அழுத்தத்தில் மெலியும். தடிப்பு மாறினால் கணக்கு முழுக்கப் பிழை. ஆகவே தெரிந்த தடிப்புள்ள ரெப்லோன் வளையத்துக்குள் படலத்தை வைப்பது அவசியம். தடிப்பைத் திருகுக்கணிச்சியால் முன்னும் பின்னும் அளவிடுங்கள்.

கடத்துதிறன் என்பது தடிப்பை, தடையாலும் பரப்பாலும் வகுத்தது. தடிப்பு 0.017 சென்ரிமீற்றர், பரப்பு 2.01 சதுர சென்ரிமீற்றர், 30 பாகையில் தடை 1700 ஓம் என்று வைத்தால், சென்ரிமீற்றருக்கு 5 × 10⁻⁶ சீமன்ஸ். அதே படலம் 70 பாகையில் 5 × 10⁻⁴ தருமானால் தடை 17 ஓம் மட்டும்தான். அப்போது வயரின் ஒரு ஓமும் கணக்கைக் கெடுக்கும். படலம் வைக்காமல் தட்டுகளை நேரடியாக முட்ட வைத்து, வயரின் தடையை அளந்து கழியுங்கள். முதலில் 80 பாகைக்குச் சூடாக்கித் தட்டோடு நன்றாக ஒட்ட விட்டு, பிறகு பத்துப் பத்துப் பாகையாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் அரை மணித்தியாலம் பொறுங்கள். உருகிக் குளிர்ந்த பி.இ.ஓ. திரும்பப் பளிங்காக நேரம் எடுக்கும். அன்றைக்கே 30 பாகையில் எடுத்த எண், ஒரு கிழமை கழித்து எடுத்ததைவிடக் கூட இருக்கலாம். எப்போது அளந்தது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள்.

பி.இ.ஓ.வும் உப்பும் மட்டும் உள்ள படலம் அறை வெப்பநிலையில் 10⁻⁴ஐத் தொட்டது என்று வந்தால் நான் வாழ்த்துச் சொல்ல மாட்டேன். திரும்பக் காய வை என்பேன். தண்ணீரும் கரைப்பானும் சங்கிலியை இளக்கிக் கடத்துதிறனை ஏற்றிக் காட்டும். வரைபில் 60 பாகை முறிவு காணாமல் போனாலும் அதே சந்தேகம்தான். இரண்டு நாள் வெற்றிடத்தில் வைத்துத் திரும்ப அளந்து, எண் இறங்கினால் முதலில் அளந்தது ஈரத்தை.

அடிப்படைப் படலம் சரியாக வந்தபின் நுண் அலுமினாவோ தைத்தேனியம் ஈரொட்சைட்டோ நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்துப் பார்க்கலாம். 1998இல் புரூனோ ஸ்குரோசாற்றியின் உரோமாபுரிக் குழு இதை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கச் செய்தார்கள். இலங்கையில் பேராசிரியர் திசாநாயக்க குழுவினர் அலுமினாவோடு நிறையச் செய்திருக்கிறார்கள். அலுமினா தூளையும் உயர்ந்த சூட்டில் உலர்த்தியே சேர்க்க வேண்டும், அதன் மேற்பரப்பிலும் தண்ணீர் ஒட்டியிருக்கும்.

லிதியம் உலோகத்தோடு கலம் கட்டுவது அடுத்த படி. அதற்குக் கிளவ் பொக்ஸ் கட்டாயம். பி.இ.ஓ. 4 வோல்ற்றுக்குக் கிட்ட ஒட்சியேறத் தொடங்குவதால், கதோட்டுக்கு 3.4 வோல்ற்றில் வேலை செய்யும் இரும்புப் பொஸ்பேற்றே பொருந்தும். திண்மம் என்றால் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2022 ஏப்ரலில் பாரிசில் இவ்வகைப் பற்றரி பூட்டிய இரண்டு பஸ்கள் எரிந்தன. ஓடுகிற மின்னோட்டத்தில் லிதியம் அயனின் பங்கு இந்தப் படலத்தில் ஐந்தில் ஒன்று அளவுதான், மிச்சம் எதிரயனின் ஓட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். கடத்துதிறன் எண்ணை மட்டும் வைத்துப் பற்றரி எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஆகும் என்று சொல்லிவிட முடியாது.

மிச்சப் படலங்களைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான போத்தலில், திகதியும் விகிதமும் எழுதி வையுங்கள். மிஞ்சிய அசற்றோநைத்திரைலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்தில் தொட்டித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போகும். அலசனற்ற கழிவு என்று எழுதிய கலனில் சேருங்கள். ரி.எஃப்.எஸ்.ஐ. கலந்த கரைசலில் புளோரின் இருப்பதால் அதற்குத் தனிக் கலன். இரண்டும் என் மேசைக்குப் பின்னால், புகைப்போக்கியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.